வளவுக்கு மேல் வானம் திறந்திருக்கலாம், அது தெரு ஆகாது

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. மகள் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிறாள். சென்ற மாதம் என் கணவருக்கு வயது நிறைவுச் சாந்தி நடந்தபோது நான்கு வயதுப் பேத்தியோடு வந்திருந்தாள். இரண்டு நாளும் வாசலில் யூடியூப்காரர்கள் கூட்டம். ஒருவர் வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, மேலே டிரோன் விட்டார். பேத்தியை ஜட்டியோடு நிறுத்தி நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த காட்சி இப்போது ஒரு சேனலில் இருக்கிறது. மாப்பிள்ளை வேலையாக சிங்கப்பூரில் இருந்ததால் வரவில்லை. அதற்கு ‘கணவரைப் பிரிந்தாரா?’ என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். நாங்கள் பணம் கொடுத்து வைத்த போட்டோகிராபரே உள்ளே எடுத்த படங்களை இன்னொரு சேனலுக்குக் கொடுத்துவிட்டார். கேட்டால், ‘ஏர்போர்ட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறார், வீட்டில் மட்டும் கூடாதா?’ என்கிறார்கள். பின்தெரு வாசல் வழியாக ஒருவரைப் பங்காளி வீட்டுத் தம்பியே உள்ளே விட்டிருக்கிறார். என் மகன் அவருடைய கேமராவைப் பிடுங்கி வைத்திருக்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தில் கேமரா கடைசியில் வருகிறது. எனக்கு அதுதான் முதல் வேலை. மகனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் பிறர் பொருளைப் பறிப்பதை, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. திருடும் எண்ணம் இல்லை என்று பின்னால் வாதாடலாம். அதற்குள் அவர் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் உங்கள் மகன் குற்றம் சாட்டப்பட்டவராகவும் அவர் புகார்தாரராகவும் நிற்பார்கள். நீதிமன்றத்தில் இந்த இடமாற்றத்தைச் சரிசெய்யப் பல மாதங்கள் ஆகும். இன்றைக்கே கேமராவை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். உங்கள் புகாரோடு சேர்த்து அதை ஒப்படைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மெமரி கார்டைத் திறக்க வேண்டாம். ஒரு படத்தைக்கூட அழிக்க வேண்டாம். அந்த ஆள் வீட்டுக்குள் எதை எடுத்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்து பேத்தியின் படம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்; சட்டம் உங்கள் பக்கம் மிக உறுதியாக நிற்பதும் இதில்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றி, தனிமைக்கு ஊறு செய்யும் வகையில் படம் எடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. உள்ளாடையால் மட்டும் மூடிய பகுதியும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். இந்தச் சட்டப்படியான குற்றத்தை இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. ஆகவே மனுவை இன்ஸ்பெக்டர் பெயருக்கே எழுதுங்கள். குழந்தைக்காக அதன் தாய் கையெழுத்திடட்டும்.

‘வளவு திறந்த வெளிதானே, வானத்திலிருந்து தெரிவதைத்தானே எடுத்தோம்’ என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். செட்டிநாட்டு வீட்டை அறிந்த எவரும் இதை ஏற்க மாட்டார்கள். முகப்பும் திண்ணையும் வந்து போகிறவர்களுக்கு. வளவு குடும்பத்துக்கு, வெளிச்சமும் காற்றும் மழைநீரும் வரத்தான் அதன் நடுவில் வானத்தைத் திறந்துவிட்டார்கள். நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த இடத்தில் தன்னை வெளியார் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நம்புவது நியாயமான நம்பிக்கை. அந்த நியாயமான நம்பிக்கையைத்தான் நீதிமன்றம் அளந்து பார்க்கும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, தனிமை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. 2023-இல் நடிகை ஆலியா பட் மும்பையில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துக் கட்டட மாடியிலிருந்து படம் எடுத்தார்கள். அவர் அதைப் பொதுவெளியில் கண்டித்து, மும்பை காவல்துறையையும் அந்தப் பதிவில் குறிப்பிட்டார். அங்கே மாடி, இங்கே டிரோன், வேறுபாடு அவ்வளவுதான். 2021 டிரோன் விதிகளின்படி அதற்குப் பதிவு எண் இருந்ததா என்பதையும் விசாரிக்கும்படி மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இனி அந்த ஏர்போர்ட் கேள்வி. இதை நேராகச் சந்திக்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. நடிகைக்குக் கேமரா வேண்டும். கேமராக்காரருக்கு நடிகை வேண்டும். புதுத் தொடர் தொடங்கும்போது மகளின் மேலாளரே போன் செய்து படக்காரர்களை வரவழைத்திருக்கலாம். அதில் தவறில்லை, இரு தரப்புக்கும் பிழைப்பு அது. ஆனால் சம்மதம் என்பது இடத்துக்கும் நேரத்துக்கும் உரியது. விமான நிலைய வாசலில் நின்று சிரித்தவர், அந்தச் சிரிப்பால் அம்மா வீட்டு மூன்றாங்கட்டு வரைக்கும் அனுமதி எழுதிக் கொடுத்துவிடவில்லை. 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், நக்கீரன் இதழ் தொடர்பாகத்தான், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றின் தனிமையைக் காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. சம்மதமின்றி அவற்றை வெளியிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். அதே தீர்ப்பு, ஒருவர் தானாகவே சர்ச்சையை வரவழைத்துக்கொண்டால் நிலை மாறலாம் என்றும் சொல்கிறது. அதனால்தான் மகளிடம் ஒன்று சொல்லச் சொல்கிறேன்: இந்த வழக்கு முடியும்வரை குடும்ப விஷயத்தைப் பற்றிப் பேட்டி வேண்டாம், பதில் வீடியோ வேண்டாம்.

தெருவில் நின்று எடுத்தவர்களை, வருத்தத்தோடுதான் சொல்கிறேன், பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. காரிலிருந்து இறங்கியது, வாசலில் கோலத்தைத் தாண்டி உள்ளே போனது எல்லாம் பொது இடத்தில் நடந்தவை. வழிமறித்தார்கள் என்றால் அது வேறு. முறையற்ற தடுப்புக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 126-ஆம் பிரிவு இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் ஓனாசிஸ் தன்னை விடாமல் தொடர்ந்த புகைப்படக்காரர் ரான் கலெல்லா மீது நடத்திய வழக்கில், 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் படமே எடுக்கக் கூடாது என்று தடுக்கவில்லை. 25 அடி தள்ளி நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் நீதிமன்றங்களிடமும் இப்படி அளவோடு கேட்டால்தான் கிடைக்கும். ‘என் மகளைப் பற்றி எதுவுமே வெளியிடக் கூடாது’ என்று கேட்டுப் போகாதீர்கள். இன்னின்ன காட்சி, இன்னின்ன இணைப்பு என்று குறிப்பிட்டுத் தடை கேளுங்கள்.

போட்டோகிராபர் விஷயத்தில் உங்களிடம் நல்ல ஆயுதம் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்), 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் அல்ல. சாந்திக்கு முன்பணம் கொடுத்தது யார் பெயரில்? அந்த ரசீதைத் தேடி எடுங்கள். அதன் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். ‘படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஸ்டூடியோவுக்கு உரிமை உண்டு’ என்று பொடி எழுத்தில் அச்சடித்து, கீழே உங்கள் வீட்டார் கையெழுத்தும் வாங்கியிருந்தால் வழக்கு சற்றுச் சிக்கலாகும். அப்படி இல்லையென்றால், படத்தை விற்ற ஸ்டூடியோ, வெளியிட்ட சேனல் இரண்டின் மீதும் சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குத் தொடர 62-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டாம். டிரோன்காரரின் படத்துக்கு இந்த வழி பொருந்தாது. அவரை நீங்கள் அழைக்கவில்லையே.

‘பிரிந்தாரா?’ என்ற தலைப்பு அவதூறு. கேள்விக்குறி போட்டதால் தப்பிவிட முடியாது. மகளும் மாப்பிள்ளையும்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் கீழ் முறையிட வேண்டும். உங்கள் பெயரில் வேண்டாம்.

பங்காளி வீட்டுத் தம்பியைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்து நடுங்கியிருப்பதைப் பார்த்தேன். வீடு பொதுவில் இருக்கிறது, அவருக்கும் பங்கு இருக்கிறது என்றால், அவர் அழைத்து உள்ளே வந்தவரை அத்துமீறியவர் என்று நிரூபிப்பது கடினம். ஆனால் பொது வளவில் நிற்க ஒருவரை அழைக்கலாமே தவிர, உங்கள் அறைக்குள் எட்டிப் பார்க்க அனுமதி தர அவருக்கு உரிமை கிடையாது. அவர் மீது புகார் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பணம் வாங்கினாரா, ஆர்வத்தில் விட்டாரா என்பதை வீட்டுப் பெரியவர்கள் முன்னால் கேளுங்கள். இந்த வீடு படப்பிடிப்புக்கும் வாடகைக்குப் போகிறது என்கிறீர்கள். வெளி ஆட்களையும் கேமராவையும் உள்ளே விட எல்லாப் பங்குதாரர்களின் எழுத்துச் சம்மதமும் வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

காவல் நிலையம் போகும் முன் இரண்டு வீடியோக்களையும் முழுமையாகப் பதிவிறக்கி, இணைப்பு முகவரி, சேனல் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவற்றைச் சேமித்த போனைத் தொலைக்கவோ மாற்றவோ வேண்டாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின் கீழ், மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் தரும்போது அந்தப் போன் தேவைப்படும். சேமித்த கையோடு யூடியூபின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். அதில் பேத்தியின் படம் முதலில் இருக்கட்டும், மற்றவை அடுத்து. அந்தரங்கம் தெரியும் படங்களை மற்றவற்றைவிட விரைவாக நீக்க வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் உள்ள கட்டாயம். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால் அந்த வேகம் போய்விடும். ரசீதும் சி.எஸ்.ஆர். நகலும் கைக்கு வந்ததும் அனுப்பி வையுங்கள், நோட்டீஸ் தயாரித்துத் தருகிறேன்.