பெரியப்பா சொன்னதற்காக முன்பணம் கட்டாதீர்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டினார். வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தன்னிடம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மாணவர்களை அறிமுகப்படுத்தி வெளியிட்ட படம். ஐந்து பேர், பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர். இடமிருந்து இரண்டாவது அவர் மகள். அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு முடிந்துவிட்டது. பெயருக்குக் கீழே, லோத்தோங் என்ற இலைதின்னும் குரங்குக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பார் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. "குரங்கு பின்னாடி ஓடவா இவ்வளவு படிக்க வெச்சீங்க?" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார் கிள்ளானில் இருக்கும் பெரியப்பா. கூடவே வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டின் எண்ணையும் அனுப்பிவிட்டார். மொத்தச் செலவு மூன்று லட்சம் மலேசிய வெள்ளிக்கு மேல். முன்பணம் பத்தாயிரம். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறார்களாம்.

அக்கா அழுதார். தண்ணீர் கொடுத்தேன், ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அடமானம் என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு என்னால் அப்படிப் பேச முடியவில்லை.

டாக்டருக்குப் படித்தால் அரசு வேலை நிச்சயம் என்பது பெரியப்பா காலத்துக் கணக்கு. 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26 அன்று அந்த இளம் டாக்டர்கள் நிரந்தர வேலை கேட்டு, கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். வெளிநாட்டுப் பட்டம் நம் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாவிட்டால், திரும்பி வந்து தகுதித் தேர்வு வேறு எழுத வேண்டும். மருத்துவத்தை உயிராக நினைக்கும் பிள்ளையை இதைச் சொல்லி நான் தடுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளை ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்ததும், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகப் போட்டது உயிரியல். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

சரி, குரங்கு பின்னால் ஓடுவது என்றால் என்ன? சென்ற ஆண்டு வேறொரு மாணவியைப் பார்க்க இப்படி ஒரு களத்துக்குப் போயிருந்தேன். விடியும் முன்பே காட்டோரம் நிற்க வேண்டும். லோத்தோங் தூங்கிய மரத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறிப்பு: எது தின்கிறது, என்ன இலை, எது ஓய்வெடுக்கிறது, குட்டி யாரிடம் இருக்கிறது. குட்டி பிறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறம். வளர வளரத்தான் சாம்பல் நிறமாகி, கண்ணைச் சுற்றி அந்த வெள்ளை வளையம் தெளிவாகும். ஒவ்வோர் இடத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி. மதியத்துக்கு மேல் அத்தனையையும் கணினியில் ஏற்றி வரைபடமாக்க வேண்டும். அந்த மாணவியின் நோட்டுப் புத்தகம் மழையில் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. ஒரு பக்கம்கூட விட்டுப்போகவில்லை.

இதனால் என்ன பயன் என்று அக்கா கேட்டார். பினாங்கில் தெலுக் பகாங் போகும் சாலையில் தலைக்கு மேலே ஒரு பாலம் தொங்குகிறதே, பார்த்திருக்கிறீர்களா என்றேன். 2016-இல் தொடங்கிய லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற அமைப்பு 2019-இல் அதைக் கட்டியது. பழைய தீயணைப்புக் குழாய்களால் ஆனது. லோத்தோங் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க அது உதவுகிறது. விலங்கு எங்கே கடக்கிறது என்று யாராவது நாள்கணக்கில் நின்று குறித்தால்தான் பாலத்தை எங்கே கட்டுவது என்று தெரியும். சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் 2019 நவம்பரில் இறந்ததோடு நம் நாட்டில் சுமத்ரா காண்டாமிருகமே இல்லாமல் போனது. மலாயாப் புலி 150-க்கும் குறைவு. இந்த வேலைக்கு ஆள் வேண்டும், அக்கா. நம் பிள்ளைகள் அதில் மிகக் குறைவு. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே போய் லோத்தோங்கைப் பற்றித் தமிழில் பேச எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பிற்கால வேலையையும் மறைக்காமல் சொன்னேன். தொண்டு அமைப்புகளில் தொடக்கச் சம்பளம் குறைவு, அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் அரசின் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் இருக்கிறது. சாலை, அணை கட்டுமுன் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயும் நிறுவனங்கள் இருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களுக்குள் காட்டுப் பகுதியைக் கணக்கெடுக்கும் வேலை இருக்கிறது. பினாங்குக் கொடிமலை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாகிவிட்டது. களத்தில் தரவு எடுக்கவும் அதை வரைபடமாக்கவும் தெரிந்தவரைத்தான் இவர்கள் எல்லாரும் தேடுகிறார்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது, பெண்பிள்ளை, காடு. அதற்குக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. களத்துக்குத் தனியாக அனுப்புவார்களா? அனுப்பினால் வேண்டாம். காப்புறுதி யார் பொறுப்பு? மேற்பார்வையாளர் யார்? அலவன்ஸ் உண்டா, பஸ் செலவாவது தருவார்களா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிக்காக நம்மிடமே ஆயிரக்கணக்கில் கேட்கும் இடம் என்றால் உடனே விலகிவிடுங்கள். வேலை செய்யப் போகிற பிள்ளை எதற்குப் பணம் கட்ட வேண்டும்? இவள் சேர்ந்திருக்கும் இடம் எதுவும் கேட்கவில்லை. பட்டப்படிப்பின் பகுதியான தொழிற்பயிற்சி இது, மதிப்பெண்ணும் உண்டு. சில மாதங்களில் இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று அவளே தெரிந்துகொள்வாள். ஒத்துவராவிட்டால் போனது சில மாத பஸ் காசு, வீடு கையில் இருக்கும்.

பெரியப்பாவிடம் யார் பேசுவது என்று அக்கா தயங்கினார். மகளே பேசட்டும் என்றேன். பல்கலைக்கழகத்தில் வகுப்புக்கு முன்னால் நின்று பேசிய பிள்ளை, பெரியப்பாவிடம் பேச மாட்டாளா? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுந்து கதவு வரை போனவர் திரும்பிக் கேட்டார்: "அட்டை கடிக்காம இருக்க ஒரு சாக்ஸ் இருக்காமே டீச்சர், எங்க கெடைக்கும்?" காட்டுப் பயணப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், இரண்டு ஜோடி வாங்குங்கள் என்றேன். முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாளாமே என்று அடுத்த கேள்வி.

"கட்டாதீங்க, அக்கா."