கையெழுத்துக்கு முன் வரைபடம்

கேள்வி: எங்கள் ஊர்க் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப் போகிறார்களாம். நிர்வாகக் குழுவில் மீனவர்களுக்கும் இடம் உண்டு, கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். கையெழுத்தில்தான் கவனம் வேண்டும். வாசலில் நீட்டிய வருகைப் பதிவேடு, பிறகு ‘ஊர் மக்கள் சம்மதம்’ என்று கோப்பில் ஏறியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கையெழுத்து வாங்கும்போது தாளின் தலைப்பு காலியாக இருந்தது, அப்புறம் எழுதிக்கொண்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘வருகைக்கு மட்டும்’ என்று எழுதி, தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வரைபடம். எல்லையை எண்களாகத் தருவார்கள். அவற்றை ஜிபிஎஸ்ஸில் போட்டு, அனுபவமுள்ள பெரியவர் ஒருவரோடு படகில் மூலைமூலையாகப் போய்ப் பாருங்கள். தாளில் நகமளவு இருப்பது கடலில் உங்கள் பாதிப் பிழைப்பாக இருக்கலாம்.

குழுவில் இடம் என்பதற்கு மயங்காதீர்கள். முடிவு யார் கையில், பணம் யார் கையில் என்று கேளுங்கள். பிலிப்பைன்ஸின் அப்போ தீவில் சில்லிமன் பல்கலைக்கழகத்தார் பொறுமையாகப் பேசிப் பேசி, 1982-இல் ஊராரே ஒரு சிறு பகுதியை மீன்பிடிக்காமல் ஒதுக்கினார்கள். காவலும் அவர்களே. பலன் கிடைத்தது. 1994-இல் தீவு தேசியச் சட்டத்தின் கீழ் போனது. அதிகாரம் மேல்வாரியத்துக்குப் போனது, சுற்றுலாப் பயணிகளிடம் வசூலான கட்டணம் அரசுக் கருவூலத்தைச் சுற்றி வரவேண்டியதாயிற்று. நன்றாக ஓடுவதை எடுத்துக் கோப்புக்குள் வைப்பதில் என்ன சுகமோ!

இடைத்தரகர்களும் வருவார்கள். பேனர், பயிற்சி, குழுப்படம். திட்டப் பணம் தீர்ந்ததும் போன் எடுக்கமாட்டார்கள். ஊர்ப் பெயரில் பேச அவர்களுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்.

மீன்பிடிக்கும் இடத்தை நிரந்தரமாக மூடாமல் சில மாதம் மூடித் திறந்தால் போதாதா என்பீர்கள். ஆக்டோபஸுக்குப் போதும். மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் 2004-இல் ஒரு கிராமத்தார் அப்படி மூடினார்கள். திறந்தபோது பெரிது பெரிதாகக் கிடைத்தது. ஆக்டோபஸ் மளமளவென்று வளரும், ஆயுளும் குறைவு. கலவா மீன் அப்படியல்ல; முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல வருடம் ஆகும். அதற்காக மூடிய இடத்தைத் திறந்தால், சேர்த்ததெல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். ஆக்டோபஸுக்கே கூட, திறக்கும் நாளில் பக்கத்து ஊர்ப் படகுகளும் வந்து நிற்கும். யாருக்கு எவ்வளவு என்பதை மூடும்போதே பேசிவிடுங்கள்.

சரி, கூட்டம் எத்தனை மணிக்கு? கடல் வற்றும் நேரத்தில் வைத்தால், சிப்பி பொறுக்கும் பெண்கள் வரமுடியாது. படகில்லாததால் அவர்கள் பெயர் மீனவர் பட்டியலிலும் இருக்காது. முதலில் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள்.