பிட்லாக்ரியில் மாலைப் பொழுது: பிள்ளைகளோடு பப்புக்குப் போகலாமா?

கேள்வி: ஜூன் கடைசியில் ஸ்காட்லாந்து போகிறோம். பிட்லாக்ரி என்ற சிற்றூரில் மூன்று இரவு தங்குகிறோம். வாடகைக் கார் எடுக்கிறோம். கணவர் பீர் குடிப்பார். நான் குடிப்பதில்லை, சுத்த சைவம். பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 9. மாலையில் அங்கே என்ன செய்வது? பிள்ளைகளோடு பப்புக்குள் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். பப் என்றதும் இருட்டு அறையும் கூச்சலும் நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். சாயங்காலத்தில் பல மேஜைகளில் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகளை எத்தனை மணிவரை, எந்தப் பகுதியில் விடலாம் என்பது அந்தந்தப் பப்பின் உரிமத்தைப் பொறுத்தது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது சமையலறை நேரத்தில்தான். ஜூன் கடைசியில் அங்கே பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். வெளிச்சத்தை நம்பி ஒன்பதரைக்குப் போய் நின்றால், பப் திறந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். அப்புறம் கிரிஸ்ப்ஸ் (உருளைக்கிழங்கு சிப்ஸ்) பாக்கெட்டுதான் இரவுச் சாப்பாடு. ஏழு மணிக்கு மேஜை சொல்லி வைத்துவிடுங்கள்.

முதல் மாலைக்கு மூலின் போங்கள். ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மேட்டில் இருக்கும் சிறு கிராமம். 1695-இலிருந்து இருக்கும் விடுதி, அதையொட்டி 1995-இல் தொடங்கிய சிறு பீர் ஆலை. பிரேவ்ஹார்ட், ஏல் ஆஃப் அத்தோல் என்ற பீர்கள் எல்லாம் அங்கே காய்ச்சுவதுதான். கைப்பம்பில் இழுத்து ஊற்றும் ஏல் என்ற பீர் வகை ஐஸ்போல் குளிராது. நிலவறைக் குளிர்ச்சிதான் இருக்கும். கெட்டுப்போனது என்று உங்கள் கணவர் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார்! ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி. முதலில் அரை பைன்ட் கேட்டுப் பார்க்கட்டும்.

காரை மட்டும் தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள். 2014 டிசம்பரில் ஸ்காட்லாந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான வரம்பை 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்று குறைத்தது. இங்கிலாந்தில் 80. லண்டனில் இருக்கும் உறவினர் 'ஒரு பைன்ட்தானே, ஓட்டலாம்' என்றால் கேட்காதீர்கள். திரும்பும்போது இறக்கம், வெளிச்சமும் இருக்கும், நடந்தே வந்துவிடலாம்.

பையன் விஷயம். பப்பில் சாப்பாட்டோடு சேர்த்து, பெரியவர் வாங்கிக் கொடுத்தால், 16, 17 வயதுக்காரர்கள் பீர், ஒயின், சைடர் (ஆப்பிள் மது) குடிக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆனால் பப்காரர் மறுக்கலாம், பலர் மறுப்பார்கள். இதை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. ஐர்ன்-ப்ரூ என்ற ஆரஞ்சு நிறச் சோடா இருக்கிறது, ஊருக்கே அது பைத்தியம்.

ஹேகிஸ் என்பது ஆட்டு உள்ளுறுப்புகளில் செய்யும் ஸ்காட்லாந்து உணவு. உங்கள் சாப்பாட்டுக்குப் பல பப்களில் அதன் சைவ வடிவம் கிடைக்கும். பருப்பும் ஓட்ஸும் காயும் சேர்த்தது, மிளகுக் காரம் உண்டு, நம் நாக்குக்குப் பிடிக்கும். பருப்பு சூப்பில்தான் ஜாக்கிரதை தேவை. பார்க்கச் சைவமாக இருக்கும். பழைய முறையில் பன்றிக்கால் எலும்பு போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கேட்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலான பப்களில் கவுன்டருக்குப் போய், மேஜை எண்ணைச் சொல்லி, நீங்களேதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். தெரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏதாவது பப்பில் 'செஷன்' என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். மேடை இருக்காது, டிக்கெட் இருக்காது. ஃபிடில் (வயலின்), அக்கார்டியன், விசில் என்ற சிறு குழல் வைத்திருப்பவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்காக வாசித்துக்கொள்வார்கள். அந்த வட்டத்தில் நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். வரப்போகும் வாத்தியக்காரருடையது அது. பக்கத்து மேஜையில் இருந்து கேளுங்கள்.

இரண்டாம் மாலைக்கு நாடகம். டம்மல் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது பிட்லாக்ரி ஃபெஸ்டிவல் தியேட்டர். 1951-இல் ஒரு கூடாரத்தில் தொடங்கினார்கள். இப்போதைய கட்டடம் 1981-இல் வந்தது. இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய அரங்கா என்று தோன்றும். நடிகர் ஆலன் கம்மிங் 2025-இல் அதன் கலை இயக்குநரானார். அவர் பிறந்த அபர்ஃபெல்டி பக்கத்து ஊர்தான். 9 வயதுப் பெண்ணுக்கு ஏற்ற நாடகமா என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள். போகும்போது 1913-இல் கட்டிய தொங்கு நடைபாலம் வழியாகப் போங்கள், கொஞ்சம் ஆடும். நாடகத்தைவிட அதுதான் அவளுக்குப் பிடித்துப் போனாலும் போகும்.

மூன்று இரவில் ஒன்று திங்கட்கிழமையாக அமைந்தால் இன்னும் நல்லது. கோடையில் திங்கள் மாலைகளில் ஊர் மைதானத்தில் 'ஹைலேண்ட் நைட்' நடக்கும்: வேல் ஆஃப் அத்தோல் பேக்பைப் இசைக்குழு, நடனம், பாட்டு. உங்கள் தேதிக்கு உண்டா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். திறந்தவெளி என்பதால் முழுக்கைச் சட்டை போடுங்கள். காற்று நின்றால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி வந்துவிடும். கண்ணுக்கே தெரியாது, கடி மட்டும் கொசுவைத் தோற்கடிக்கும்.