தையலைப் பிரிக்க யார் வருவார்?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் சபையிலிருந்து ஒரு மருத்துவ ஊழியக் குழு 12 நாள் பயணமாக உகாண்டா போகிறது. அவளும் போகத் துடிக்கிறாள். மலேரியா, மஞ்சள் காய்ச்சல், தெரியாத ஊர் என்று என் கணவர் மறுக்கிறார். தினம் ஒரு கிராமத்தில் முகாம் நடக்கும். இங்கே மாணவிகளைச் செய்யவிடாத வேலையெல்லாம் அங்கே செய்யலாமாம். தையல் போடலாம், பிரசவம்கூடப் பார்க்கலாம் என்று போன வருடம் போய்வந்த பெண் சொன்னாள். சிறியவர் ஒருவருக்குச் செய்வது தமக்கே செய்வது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். கணவருக்குத் தெரியாமல் முன்பணமும் கட்டிவிட்டேன். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– ஒரு தாய்

பதில்:

முன்பணத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். இன்று இரவே உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஊழியத்துக்கென்று கட்டினாலும் ஒளித்துக் கட்டிய பணம்தான் அது. மகளுக்கும் இது தெரியுமென்றால், அப்பாவுக்குத் தெரியாமல் காரியம் சாதிக்க அம்மாவே கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

அவருடைய பயங்களுக்கு விடை இருக்கிறது. உகாண்டாவுக்குள் நுழையவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும்; பிறகு ஆயுளுக்கும் போதும். மலேரியாவைத் தடுக்க மாத்திரைகள் உண்டு. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் தினமும் விழுங்க வேண்டும். வீடு வந்து சேர்ந்துவிட்டோமே என்று பாதியில் விடக் கூடாது. இதையெல்லாம் ஒரு மருத்துவரிடம் கணவரையும் அழைத்துப்போய்க் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பயணங்களைப் பற்றி எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதுகாப்பு, பணம், வீட்டில் எதிர்ப்பு என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். ஆனால், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: இங்கே செய்யவிடாத வேலையை அங்கே செய்யலாமாம். படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது, அம்மா.

இங்கே ஏன் செய்யவிடுவதில்லை? உங்கள் மகளுக்கு இன்னும் கை பழகவில்லை. பழகாத கையிலிருந்து நோயாளியைக் காப்பதற்காகத்தான் ஒவ்வொரு பிரசவ அறையிலும் மூத்த செவிலியர் ஒருவர் மாணவியின் பக்கத்தில் நிற்கிறார். உகாண்டாவில் ஒரு பெண்ணின் உடம்புக்கு அந்தக் காவல் வேண்டாமா? ஏழை என்பதால் அவளுக்கு வலி குறையுமா, இரத்தம்தான் குறைவாகப் போகுமா?

பிரசவம்கூட என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! நீங்கள் பிள்ளை பெற்றவர். குழந்தை அழுததும் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் தாயின் கீழே விரித்த துணி நனைந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு என்று கணிக்க வேண்டும், அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகுகிறதா என்று தொட்டு அறிய வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்திருக்க வேண்டும். உலகம் முழுவதும் பிரசவத்தோடு தாய்மார்கள் சாவதற்குப் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கே முதன்மையான காரணங்களில் ஒன்று. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அங்கே மூன்றாம் ஆண்டு மாணவி பழகிப் பார்க்க என்ன இருக்கிறது?

தையலும் அப்படித்தான். முகத்தில் போட்டதை ஏறத்தாழ 5 நாளில் பிரிக்க வேண்டும். காலில் போட்டதென்றால் 10 முதல் 14 நாள் ஆகும். தினம் ஒரு கிராமம் என்கிறீர்கள். திங்கட்கிழமை தைத்த காலைப் பிரிக்க அந்தக் கிராமத்துக்கு யார் திரும்பிப் போவார்? மண்ணும் அழுக்குமாக வந்த காயத்தைச் சரியாகக் கழுவாமல் மூடித் தைத்தால் உள்ளே சீழ் கட்டும். அது தெரியவரும்போது உங்கள் மகள் விமானத்தில் இருப்பாள். அந்தப் பிள்ளையின் தாய், காய்ச்சலில் கொதிக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

அங்கே கேட்பாரில்லை என்று நினைத்துவிடாதீர்கள். செவிலியர், மருத்துவச்சிகளுக்கென்று உகாண்டாவிலும் பதிவு கவுன்சில் இருக்கிறது. இங்கேயே இன்னும் பதிவு பெறாத மாணவிக்கு எந்த நாடு உரிமம் கொடுக்கும்? நல்ல முன்மாதிரியும் அந்த மண்ணிலேயே இருக்கிறது. ஆல்பர்ட் குக் என்ற மிஷனரி மருத்துவர் 1897-இல் கம்பாலாவில் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய மனைவி கேத்தரின் செவிலியர். அந்த நாட்டுப் பெண்களுக்கே மருத்துவச்சிப் பயிற்சி கொடுக்கும் பள்ளியை இருவரும் உருவாக்கினார்கள். தம்பதியர் அங்கேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார்கள். இன்றும் அந்த ஊர் மருத்துவச்சிகள்தான் நீங்கள் சொல்லும் முகாம் முடிந்த மறுநாளும் கிராமத்தில் இருப்பார்கள். உங்கள் மகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளப் போகட்டும். அவர்களுடைய வேலையைப் பறித்துப் பழகிப் பார்க்கப் போக வேண்டாம்.

வேத வசனத்தைச் சொன்னீர்கள். நீங்கள் நம்பும் அதே வசனத்தை வைத்தே கேட்கிறேன். அந்தச் சிறியவரில் ஆண்டவர் இருக்கிறார் என்றால், உங்கள் மகள் வாழ்க்கையில் முதல் தையலை அவர் உடம்பில் போட்டுப் பழகச் சம்மதிப்பீர்களா? உங்கள் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தால் இந்த மாணவியை மட்டும் நம்பி விடுவீர்களா? நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாததை அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் செய்யக் கூடாது என்பதைத் தாய்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கல்லூரி சொல்லிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவளால் செய்ய முடிகிற வேலை முகாமில் நிறைய உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கலாம், குழந்தைகளின் எடை எடுக்கலாம், பெயரும் மருந்தும் தெளிவாகக் குறிக்கலாம், கருவிகளைச் சுத்தம் செய்யலாம், மூத்தவர் வேலை செய்யும்போது பக்கத்தில் விளக்குப் பிடிக்கலாம். வரிசையில் நான்கு மணி நேரம் நின்ற கிழவிக்கு ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுக்கலாம். இதெல்லாம் அவளுக்குச் சின்ன வேலையாகத் தோன்றினால் அவள் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

குழுத் தலைவருக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள். உங்களை அழைத்திருக்கும் உள்ளூர் மருத்துவமனை எது? அங்கே என் மேற்பார்வையாளர் யார்? குழுவில் இருப்பவர்கள் அங்கே வேலை செய்ய அனுமதி பெற்றுவிட்டார்களா? நோயாளிகளின் குறிப்பு அந்த ஊரில் யார் கையில் இருக்கும்? இரத்த அழுத்தத்துக்கு நாம் கொடுக்கும் மாத்திரை தீர்ந்தால், அதே மாத்திரை பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கிடைக்குமா? இவ்வளவும் கேட்கட்டும். நேர்மையான குழுவுக்கு இந்தக் கேள்விகள் புதிதாக இருக்காது. மழுப்பினால் பயணத்தை விட்டுவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

பதிலை எழுத்தில் வாங்குங்கள். வந்ததும் அதை உங்கள் கணவரிடம் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை நீங்கள் எதுவும் பேசாதீர்கள்.