போன் பழுதில்லை தம்பி, பூட்டியிருக்கிறார்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்கா வந்து பத்து நாள் ஆகிறது. மொபைல் நிறுவனத்தின் கடையிலேயே மாதத் தவணையில் புது ஐபோன் எடுத்திருக்கிறீர்கள். மடிக்கணினிக்கு இணையம் கொடுக்க ஹாட்ஸ்பாட்டை அழுத்தினால், அதை இயக்க நிறுவனத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லி ஒரு செய்தி வருகிறது. இந்திய எண்ணை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஏற்றிப் பார்த்தால் அதுவும் ஏறவில்லை. வங்கி ஓடிபி வராமல் தவிக்கிறீர்கள். "போன் பழுதா, இல்லை நான்தான் எதையாவது தப்பாக அமைத்துவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களும் எந்தத் தப்பும் செய்யவில்லை. உங்கள் போனில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டையும் போட்டது ஒரே நிறுவனம் என்பதால் ஒரே சிக்கல் போலத் தெரிகிறது. ஆனால் ஒன்றுக்கு உள்ள சாவி மற்றதைத் திறக்காது. இங்கே பலர் குழம்பிப் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சிம் பூட்டு. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் என்று போய்க் கீழே வாருங்கள். 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் போன் எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும். உங்களுடையதில் 'சிம் லாக்டு' என்றுதான் இருக்கும். தவணை முடியாத போனை அந்த நிறுவனத்தின் இணைப்பில் மட்டும் வேலை செய்யும்படி கட்டிவைத்திருக்கிறார்கள். இரண்டு இ-சிம் போடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பூட்டு இருக்கும்வரை இரண்டுமே அதே நிறுவனத்துடையதாகத்தான் இருக்க வேண்டும். போதாததற்கு, 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் செருகும் தட்டே கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த சிம்மைச் செருகிப் பார்க்கவும் வழியில்லை.

இந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2013 பிப்ரவரியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒரு போன் வாங்கினேன். அந்த ஜூலையில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று அவசரமாக ஊருக்குப் போனேன். அண்ணன் தன்னிடம் சும்மா கிடந்த ஒரு சிம்மைக் கொடுத்தார். மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்து, சேஃப்டி பின்னை நிமிர்த்திக் குத்தித் தட்டை வெளியே எடுத்து, சிம்மைப் போட்டேன். திரை ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு இந்த சிம் செல்லாது என்று வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன், அணைத்துப் போட்டேன், அதே செய்தி. அண்ணனின் சட்டைப் பையிலிருந்த பட்டன் போன் அதே சிம்மை உடனே ஏற்றுக்கொண்டது. பத்து நாளும் அதில்தான் பேசினேன். ஸ்கேன் அறிக்கையைப் படமெடுத்து இங்கிருக்கும் டாக்டர் நண்பருக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். கையில் நல்ல கேமரா இருந்தது, அனுப்ப இணைப்பு இல்லை. திரும்பி வந்து வாடிக்கையாளர் சேவையைக் கேட்டால், ஒப்பந்தம் முடியட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அப்போது சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. இந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, போனுக்குள் இருக்கும் மென்பொருள் பூட்டை உடைப்பதே தடைசெய்யப்பட்ட காரியம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகர் சில விலக்குகள் தருவார். சிம் பூட்டைத் திறப்பதற்கு 2006இலிருந்து விலக்கு இருந்தது. 2012இல் நடந்த சுற்றில் அதை நிறுத்திவிட்டார்கள். 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் திறப்பது சட்ட மீறல் ஆனது. பணம் கொடுத்து வாங்கிய போனைத் திறக்க அனுமதியா என்று மக்கள் கொதித்துப்போய், வெள்ளை மாளிகைக்கு 1,14,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் மனு போட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. பாக்கி தீர்ந்த போனைக் கேட்டால் திறந்து தருகிறோம் என்று பெரிய நிறுவனங்களும் ஒரு நடத்தை விதிக்கு ஒப்புக்கொண்டு, 2015 பிப்ரவரியிலிருந்து அதன்படி நடக்கத் தொடங்கின. ஆக, இன்று உங்கள் நிலைமை என்னுடையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் 'பாக்கி தீர்ந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

அடுத்து ஹாட்ஸ்பாட். இது வேறு பூட்டு. சிம் பூட்டைத் திறந்தாலும், ஏன், கடையில் முழுப் பணம் கொடுத்து அன்லாக்டு போனே, அதாவது சிம் பூட்டே இல்லாத போனே, வாங்கியிருந்தாலும், இது இருக்கும். காரணம், அது உங்கள் மாதத் திட்டத்தில் இருக்கிறது.

ஹாட்ஸ்பாட் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போனில் இருக்கும் சிம் எந்த நிறுவனத்துடையது என்பதைப் போன் முதலில் பார்க்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக ஓர் அமைப்புக் கோப்பு போனுக்குள் இருக்கும். அதில், ஹாட்ஸ்பாட் கேட்டால் முதலில் அனுமதி வாங்கு என்று எழுதியிருந்தால், போன் நிறுவனத்தின் சர்வரிடம் இவர் கணக்கில் இது உண்டா என்று கேட்கும். இல்லை என்று பதில் வந்தால், நீங்கள் பார்த்த அந்தச் செய்தி. ஆண்ட்ராய்டிலும் இதே மாதிரி சோதனை இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் கருவியின் வைஃபை ரேடியோ, உங்கள் மேசையிலிருக்கும் மடிக்கணினியிடம் பேசலாமா என்று எங்கோ இருக்கும் ஒரு சர்வர் முடிவு செய்கிறது.

ஏதாவது ஆப் போட்டுத் தாண்டிவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம். ஒவ்வொரு டேட்டா பொட்டலமும் டிடிஎல் என்ற ஒரு எண்ணைச் சுமந்து போகும். போனிலிருந்து நேராகக் கிளம்பினால் அது பொதுவாக 64. மடிக்கணினியிலிருந்து கிளம்பி உங்கள் போன் வழியாகப் போனால் ஒன்று குறைந்து 63 ஆகிவிடும். விண்டோஸ் கணினி என்றால் 128இல் தொடங்கி 127 ஆகும். அந்த ஒற்றை எண்ணை வைத்தே பின்னால் இன்னொரு கருவி இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். பிடித்தால் வேகத்தைக் குறைக்கலாம், இணைப்பையே நிறுத்தலாம். புதிதாக வந்திருக்கிறீர்கள், எல்லாக் கணக்குகளும் இந்த எண்ணில்தான் இருக்கின்றன. அதைப் பணயம் வைக்காதீர்கள்.

மடிக்கணினி அதிக டேட்டா இழுக்கும், எல்லையில்லாத் திட்டத்தில் அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது நிறுவனங்களின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அளந்து விற்கும் டேட்டாவுக்கும் இதே தடையைப் போட்டார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 5 ஜிபிக்குப் பணம் கட்டியவர் அதைப் போனில் செலவழித்தால் என்ன, மடிக்கணினியில் செலவழித்தால் என்ன?

நல்லவேளையாக, அரசின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யும் ஒரு வழக்கில் அப்படித்தான் பார்த்தது. 2008இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலம் விட்டபோது, 'சி பிளாக்' என்ற பகுதிக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்கள். அதை எடுப்பவர் வாடிக்கையாளர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுக்கக் கூடாது. வெரைசன் என்ற பெரிய மொபைல் நிறுவனம் அதை எடுத்தது. பிறகு ஹாட்ஸ்பாட் செயலிகளைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் செய்யும்படி கூகுளின் ஆப் சந்தையிடம் கேட்டது. விசாரணை வந்து, 2012 ஜூலையில் 12.5 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அளந்து டேட்டா வாங்கும் வாடிக்கையாளர்களிடம் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பதையும் விட வேண்டியதாயிற்று.

போனில் ஏற்கெனவே இருப்பதைப் பூட்டுவது இவர்களுக்குப் பழைய பழக்கம். அதே 2012இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 6 வந்து, அதுவரை வைஃபையில் மட்டும் ஓடிய ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பு மொபைல் டேட்டாவிலும் ஓடலாம் என்று ஆனது. ஏடி அண்ட் டி நிறுவனமோ, புதிதாக வந்த பகிர்வுத் திட்டத்துக்கு மாறினால்தான் அது கிடைக்கும் என்றது. தாத்தா பாட்டிக்குக் குழந்தை முகத்தைக் காட்டுவதற்கு நம்மில் பலருக்கு அதுதான் வழியாக இருந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் சில மாதங்களில் தளர்த்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கேலக்ஸி நெக்ஸஸ் போனில், போனாலேயே கடையில் பணம் கட்ட உதவும் கூகுள் வாலட் வராமல் வெரைசன் பார்த்துக்கொண்டது. வெரைசன் உட்பட மூன்று பெரிய மொபைல் நிறுவனங்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு பணப்பைச் செயலி தயாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் செயலி ஓடவில்லை. 2015இல் அதன் தொழில்நுட்பத்தைக் கூகுளிடமே விற்றுவிட்டார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லாப் பழியையும் மொபைல் நிறுவனத்தின் மேல் போட முடியாது. ஊரில் சாம்சங் போனில் இருந்த அழைப்புப் பதிவு வசதி இங்கே விற்ற பல மாடல்களில் இல்லையே என்று பலர் கேட்பார்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பேசுபவர் எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் அந்தரங்க உரையாடலைப் பதிவு செய்வது குற்றம். அதற்காக நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த போனை இங்கத்திய சிம்மோடு பயன்படுத்தலாமா என்றும் யோசிப்பீர்கள். 2022இல் இங்கே பெரிய நிறுவனங்கள் 3ஜியை மூடிவிட்டன. குரல் அழைப்பும் 4ஜி, 5ஜி வழியாகத்தான் போக வேண்டும். சில நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் உள்ள மாடல்களுக்கு மட்டும்தான் அந்த வசதியைத் திறந்துவிடும். அதனால் இணையம் பிரமாதமாக ஓடும், அழைப்பு மட்டும் போகாது. அவசர எண் 911ஐயும் நம்ப முடியாமல் போகலாம். சிம் வாங்குமுன் போனில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வாங்கி எட்டு நாள்தான் ஆகிறது என்றீர்கள், அதுதான் உங்கள் கையிலிருக்கும் பலம். ரசீதில் திருப்பித் தருவதற்கான காலம் 14 நாள் என்றோ 30 நாள் என்றோ போட்டிருக்கும். திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு கட்டணம் பிடிக்கலாம், அதைப் பார்த்துத் தயங்காதீர்கள். நானாக இருந்தால் நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, தயாரிப்பாளரிடமோ பொதுக் கடையிலோ அன்லாக்டு போன் வாங்கி, சேவையைத் தனியாக எடுப்பேன். புதிய மாடல்தான் வேண்டும் என்றில்லை, ஒரு தலைமுறை பழையதும் போதும்.

'இலவசமாகத்தான் கொடுத்தார்கள், அதை எப்படி விடுவது' என்று தோன்றும். அந்த இலவசம் பெரும்பாலும் 24 அல்லது 36 மாதத்துக்குப் பில்லில் கழித்துத் தரும் தொகை. நடுவில் விலகினால் மீதி விலை முழுவதும் உங்கள் தலையில். பூட்டைத் திறக்கப் பாக்கியை முன்கூட்டியே அடைத்தாலும் மீதிக் கழிவு நின்றுபோகலாம். வேலை எந்த ஊரில் நிலைக்கும் என்றே தெரியாத முதல் வருடத்தில் இப்படி ஒரு கட்டு தேவையில்லை.

திருப்ப முடியாத நிலை என்றால், வாடிக்கையாளர் சேவை எண்ணான 611க்கு அழைப்பதைவிட எழுத்தில் சாட் செய்யுங்கள், படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்த ஐஎம்இஐ எந்தத் தேதியில், எந்த நிபந்தனையில் திறக்கப்படும்? என் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் உண்டா, எத்தனை ஜிபி வரை முழு வேகம்? மலிவான ப்ரீபெய்டு திட்டங்கள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட் இருக்காது. ஒரு படி மேலே உள்ள திட்டத்தில் இருக்கும். நிபந்தனை முடிந்தும் திறக்காமல் இழுத்தடித்தால் எஃப்.சி.சி.யின் தளத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நிறுவனம் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒருமுறை நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். புகார் போட்டபின் மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது, அந்த வாரமே போன் திறந்தது.

ஓடிபிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய போனைத் தூக்கிப் போடவில்லையே? அதில் இந்திய சிம்மைத் திரும்பப் போடுங்கள். அந்த நிறுவனத்தின் ஆப்பில் வெளிநாட்டு ரோமிங் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். சமையலறை அலமாரியில் சார்ஜரோடு வைத்துவிட்டால் போதும், ஓடிபி அதில் வரும். என் வீட்டில் அப்படி ஒரு போன் இன்றைக்கும் இருக்கிறது.