வேரைப் பிடித்தால் சொல் வருமா?

கல்வி கேள்வி–பதில் பகுதிக்கு இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை எஸ்ஏடி தேர்வின் ஆங்கிலச் சொற்களைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறோம்.

மகள் தொடக்கக் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எஸ்ஏடி எழுதப் போகிறாள். துணைப்பாட நிலையத்தில் ஆயிரம் சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள். நாளுக்கு முப்பது மனப்பாடம் செய்கிறாள். அடுத்த வாரம் கேட்டால் பாதி காணாமல் போகிறது. வேர்ச்சொல் வழியாகப் படித்தால் நிற்குமா? எத்தனை வேர்கள் படிக்க வேண்டும்?
– ஒரு தாயார், புங்கோல்

பட்டியல் இருக்கட்டும், அதன் வரிசையைக் கலைத்துவிடுங்கள். அகர வரிசையில் அடுக்கினால் 'ஆப்ஸ்டெய்ன்', 'ஆப்ஸ்ட்ரூஸ்' போல ஒலியில் நெருங்கிய, பொருளில் ஒட்டுறவே இல்லாத சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். முப்பதும் ஒன்றோடொன்று குழம்புவது அதனால்தான். வேர் வழியில் உறவுள்ள சொற்கள் ஒரே வீட்டில் இருக்கும்.

'கிரெக்' என்ற லத்தீன் வேரை எடுத்துக்கொள்வோம். பொருள், மந்தை. 'கான்' என்றால் ஒன்றாக. மந்தையாகக் கூடினால் 'காங்ரிகேட்'. 'செ' என்றால் தனியே. மந்தையிலிருந்து பிரித்து வைத்தால் 'செக்ரிகேட்'. 'ஆட்' என்றால் நோக்கி. சிதறிக் கிடப்பதை ஒரு மந்தைக்குள் கொண்டுவந்து மொத்தமாக்கினால் 'அக்ரிகேட்'. மந்தையோடு இருப்பதில் மகிழ்கிற, நாலு பேரோடு கலகலவென்று பழகுகிற ஆள் 'கிரிகேரியஸ்'. ஒரு வேரைக் கற்றதில் நான்கு சொற்கள் கிடைத்துவிட்டன. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது வம்பு பிடித்தது, மூன்றாம் கேள்வியில் வரும்.

எண்ணிக்கை என்றால், இருபது முன்னொட்டுகளும் ஐம்பது வேர்களும் போதும். முன்னூறு வேர்களைத் தொகுத்துத் தரும் ஏடுகளைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே ஒரு சொல்லை மட்டும் பெற்ற வேரைப் படிப்பதற்கு அந்தச் சொல்லையே படித்துவிடலாம். முதல் இரண்டு வாரம் முன்னொட்டுகள். அதன்பின் வாரத்துக்கு மூன்று வேர்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். பதினேழு வாரத்தில் ஐம்பது வேர்களும் ஏறக்குறைய இருநூறு சொற்களும் கைவசம் இருக்கும். 'பார்', 'பேசு', 'நட', 'பிடி', 'செய்', 'அனுப்பு', 'திருப்பு' ஆகிய பொருள் தரும் வினை வேர்களிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகுட்டிகள் அதிகம் உள்ள குடும்பங்கள் இவை.

அட்டை எழுதும்போதுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். முன்பக்கம் சொல்லை எழுதி, பென்சிலால் கோடிட்டுப் பிரிக்க வேண்டும். பின்பக்கம் மூன்று வரி: வேரின் பொருள், சொல்லின் இன்றைய பொருள், அச்சொல் வரும் ஒரு வாக்கியம். 'கிரெக் என்றால் மந்தை' என்பதோடு நிறுத்திய அட்டையால் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட வராது. எழுதிய அன்று மாலையே ஒரு முறை, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாறாம் நாள் என்று எடுத்துப் பாருங்கள். தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போக வேண்டும். வாக்கியம் நினைவுக்கு வந்து பொருள் வராவிட்டாலும் அதைத் தவறு என்றே கணக்கில் வையுங்கள்.

'ஆட்' என்றால் 'நோக்கி' என்று படித்தேன். ஆனால் 'அக்ரிகேட்', 'அல்யூட்', 'அட்டெனுவேட்' என்று எதிலும் அந்த 'டி' (D) எழுத்தையே காணோம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– தொடக்கக் கல்லூரி மாணவர், ஜூரோங் வெஸ்ட்

கல்+சிலை கற்சிலை ஆனபோது 'ல்' எங்கே போனது? முள்+செடி முட்செடி ஆனபோது? மரம்+கள் மரங்கள் ஆனபோது? தமிழ் வகுப்பில் புணர்ச்சி படித்த உங்களுக்கு இது புதிய பாடம் இல்லை. லத்தீனிலும் முன்னொட்டின் கடைசி மெய், வருகிற எழுத்துக்கு இடம்கொடுத்து மாறும்.

'ஆட்' முன்னால் நிற்க 'ஜி' வந்தால் 'டி' எழுத்தும் 'ஜி' ஆகிவிடும். 'எல்' வந்தால் 'எல்', இன்னொரு 'டி' (T) வந்தால் அதுவே. ஆகவே ஒரு சொல்லின் தொடக்கத்தில் 'ஏ' எழுத்துக்குப் பின் ஒரே மெய் இரட்டித்திருந்தால், அங்கே 'ஆட்' ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'அட்டெனுவேட்' என்பதில் மிச்சம் நிற்பது 'டென்', அதாவது மெலிந்த. மெலியச் செய்தல் என்று பொருள் வந்துவிடுகிறது. 'அல்யூட்' என்பதில் 'லூட்', அதாவது விளையாடு. நேரே சொல்லாமல் ஒன்றைத் தொட்டும் தொடாமலும் குறிப்பிடுவது. அதே 'லூட்' வேர் 'கான்' உடன் சேர்ந்தால் 'கொல்யூட்': கூடி விளையாடுவது, அதாவது கூட்டுச்சதி செய்வது. 'இன்' என்பது 'இம்', 'இல்', 'இர்' ஆவதும், 'சப்' என்பது 'சக்', 'சஃப்' ஆவதும் இதே கதை.

வேரும் உருமாறும். 'வா' என்ற பகுதி வந்தான் என்பதில் 'வ' என்று குறுகி, வருவான் என்பதில் 'வரு' என்று நிற்கிறதல்லவா? அப்படித்தான் 'செய்' என்று பொருள்படும் லத்தீன் வேர் 'ஃபேக்', 'ஃபெக்', 'ஃபிக்' என்று மூன்று முகம் காட்டும்: 'ஃபேக்டரி', 'எஃபெக்ட்', 'டெஃபிசியன்ட்'. நன்னூல் சொல்லும் ஆறு பகுபத உறுப்புகளில் விகாரத்தையும் சேர்த்து வைத்தது சும்மா இல்லை. அட்டையில் வேரை எழுதும்போது அதன் எல்லா முகங்களையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

'எனர்வேட்' என்ற சொல்லுக்குச் சக்தியூட்டுதல் என்று மகன் விடை எழுதினான். சரியான பொருள் சக்தியை உறிஞ்சுதல். வேர்ச்சொல் முறை பிள்ளைகளை ஏமாற்றுகிறதா?
– ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

இங்கே ஏமாற்றியது காது. 'எனர்ஜி' என்ற ஒலியைக் கேட்டுவிட்டு அவர் முடிவுக்கு வந்துவிட்டார். 'எனர்ஜி' கிரேக்கச் சொல். 'என்' கூட்டல் 'எர்க்', வேலை. 'எனர்வேட்' லத்தீன், 'இ' என்றால் வெளியே, 'நெர்வ்' என்றால் தசைநார். நாரை உருவிய உடம்பு தளராமல் என்ன செய்யும்? பிரிக்க வேண்டிய இடத்தில் பிரித்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. சரியாகப் பிரித்தாலும் வழுக்கும் சொற்கள் இருக்கின்றன. முன்பு நிறுத்திவைத்த ஐந்தாவது சொல் 'இக்ரீஜியஸ்'. 'இ' வெளியே, 'கிரெக்' மந்தை. கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிவது. 16-ஆம் நூற்றாண்டில் அது பாராட்டுச் சொல்லாகவும் இருந்தது. இன்று அதன் பொருள் படுமோசமான, கண்ணை உறுத்தும் அளவுக்குத் தவறான என்பது. நமக்கு இதில் வியப்பில்லை. பழந்தமிழில் பூவுக்கும் நாற்றம் இருந்தது. இன்று ஒருவர் வீட்டுக்குப் போய் 'உங்கள் மல்லிகை நாற்றம் அருமை' என்று சொல்லிப் பாருங்கள்!

அடுத்த வழுக்கல், ஒரே உருவில் இரண்டு வேர்கள். 'பெட்' லத்தீனில் கால். காலைக் கட்டினால் 'இம்பீட்', கட்டை அவிழ்த்தால் 'எக்ஸ்பெடைட்'. கிரேக்கத்தில் அது குழந்தை. குழந்தை மருத்துவம், கற்பித்தல் கலை எல்லாம் இதன் வழி. சிங்கப்பூரில் நாம் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் எழுதுவதால் மருத்துவமனைப் பலகையில் 'பீடியாட்ரிக்' என்பதில் 'ஏ', 'இ' இரண்டும் சேர்ந்து நின்று, இது குழந்தை வேர் என்று காட்டிக்கொடுக்கும். எஸ்ஏடி அமெரிக்கத் தேர்வு. அங்கே அந்த 'ஏ' இருக்காது.

'இன்' என்பதும் இரட்டை வேடக்காரர். இல்லை என்றும் வரும், உள்ளே என்றும் வரும். 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதிய டின்னை எரியாதது என்று நினைத்து அடுப்பருகே வைத்துவிடாதீர்கள். அது நன்றாக எரியும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருக்காது, நிலைகொள்ளாமல் தவிக்கும். 'டெமெரிட்டி' அச்சம் இல்லை, அசட்டுத் துணிச்சல். 'நாய்சம்' சத்தம் போடாது, குமட்டும். 'மேவரிக்' போன்ற பகாப்பதங்களையும் அங்கேயே எழுதலாம். கன்றுகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடாத டெக்சஸ் பண்ணைக்காரர் ஒருவரின் பெயர் அது. அதை வெட்டிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

தேர்வறையில் வேரைப் பிரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்குமா?
– மாணவி, தெம்பனிஸ்

வாசிப்பு–எழுத்துப் பிரிவில் இரண்டு தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள், 32 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 71 வினாடி. சொற்பொருள் கேள்விகள் தொகுதியின் தொடக்கத்திலேயே வரும். ஒன்றை 45 வினாடியில் முடித்தால் பின்னால் வரும் பத்திகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

முதலில் நான்கு விடைகளையும் பார்க்காதீர்கள். பத்தியைப் படித்து, கோடிட்ட இடத்தில் உங்களுக்குத் தோன்றும் எளிய சொல்லைப் போடுங்கள். தமிழில் தோன்றினாலும் சரி. பிறகு விடைகளுக்கு வாருங்கள். தெரிந்த சொற்களில் பொருந்தாதவற்றை, தேர்வை எழுதும் புளூபுக் செயலியில் உள்ள அடிக்கும் வசதியால் அடித்துவிடுங்கள். தெரியாத சொல் மிஞ்சினால் மட்டும் வேரைத் தேடுங்கள். வேர் காட்டும் திசை நீங்கள் போட்ட எளிய சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேரும் வாக்கியமும் முரண்பட்டால் வாக்கியத்தின் பக்கம் நில்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

ஒன்று கவனம். பழைய தேர்வில் இருந்த எதிர்ச்சொல் கேள்விகள் 1994-லும், ஒப்புமைக் கேள்விகள் 2005-லும் போய்விட்டன. அந்தக் காலத்துப் பயிற்சி நூல் அண்ணன் அறையில் கிடக்கிறது என்று எடுத்துப் படித்தால் யாருமே பயன்படுத்தாத சொற்களில் மாதங்கள் கரையும்.

அட்டையில் தமிழில் பொருள் எழுதலாமா? ஆங்கிலத்தில் சிந்திப்பது தடைபடும் என்கிறார்கள்.
– மாணவர், ஈசூன்

தாராளமாக எழுதலாம். சில சொற்களுக்குத் தமிழ்தான் கச்சிதம். 'பெனல்டிமேட்': 'பெனே' ஏறத்தாழ, 'அல்டிமேட்' கடைசி. அரைப் பக்க விளக்கம் எதற்கு? ஈற்றயல். 'லொக்வேஷியஸ்' என்பதற்கு வாயாடி என்று எழுதிவிடலாம், ஆங்கிலத்தில் அவ்வளவு வசவு தொனிக்காது என்றாலும்.

சிக்கல் வருவது ஒரு தமிழ்ச் சொல் பல ஆங்கிலச் சொற்களை விழுங்கும்போது. 'ஆணவம்' என்று எழுதிய அட்டைகள் மூன்று சேர்ந்துவிட்டால் தேர்வில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அங்கே வேரை எழுதுங்கள். 'சூப்பர்சிலியஸ்': 'சூப்பர்' மேலே, 'சிலியம்' இமை, இமைக்கு மேலே இருப்பது புருவம். புருவத்தை உயர்த்தி எதிரில் இருப்பவரை அலட்சியமாகப் பார்ப்பவர். 'பிரிசம்ப்சுவஸ்': 'பிரி' முன்னால், 'சம்' எடு. கேட்பதற்கு முன்பே தனக்குரியது என்று எடுத்துக்கொள்பவர். 'அரகன்ட்': 'ஆட்' கூட்டல் 'ரொகேர்', கேட்டு வாங்குதல். தனக்கு இல்லாத பெருமையைத் தனக்கென்று கோருபவர்.