மரியாதை தெரிந்த துரை

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம்தான், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியர்கள் நடத்திய விடுதலைப் போராட்டத்தைச் சொல்லும் 'அல்ஜியர்ஸ் போர்' படம் பார்த்தேன். ஐஸ்கிரீம் சாப்பிடும் அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கடையில் குண்டை வைத்துவிட்டுப் போகிற பெண்ணை வெறுக்கவும் முடியவில்லை. இந்தப் படம் யார் பக்கம்? இரண்டு பக்கத்தையும் சமமாகக் காட்டுகிறது என்கிறார்களே, சரிதானா?

இன்னொன்று. எங்களுக்குக் காரைக்கால். பிரெஞ்சு ஆட்சியைப் பார்த்த என் தாத்தா, "வெள்ளைக்காரன்லயே மரியாதை தெரிஞ்சவன் பிரெஞ்சுக்காரன்தான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தவனும் இந்தப் படத்தில் வருகிறவனும் ஒரே ஆளா?

க., காரைக்கால்

அன்புள்ள க.,

ஒரே ஆள்தான். தாத்தா சொன்னதும் பொய்யில்லை.

படத்தில் வரும் பிரெஞ்சு ராணுவக் கர்னல் மத்தியூவைக் கவனித்தீர்களா? கறுப்புக் கண்ணாடி, நிமிர்ந்த முதுகு, எதற்கும் தயாராக ஒரு பதில். அல்ஜீரியப் போராளிகளின் தலைவர்களில் ஒருவரான லார்பி பென் மிஹிதி காவலில் இறந்ததும், பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவருடைய மனவுறுதியைப் பாராட்டிப் பேசுகிறார். சித்திரவதை பற்றிக் கேட்டால் கோபப்படுவதில்லை. பிரான்ஸ் அல்ஜீரியாவில் இருக்கவேண்டுமா என்று திருப்பிக் கேட்கிறார். வேண்டும் என்றால் அதற்கு ஆகிற எல்லாவற்றையும் நீங்களும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்கிறார். உடனே தண்ணீரும் மின்சாரமும் தீயுமாகச் சித்திரவதைக் காட்சிகள். மரியாதை தெரிந்த துரை எப்படி இருப்பார் என்பதை இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ அந்த இரண்டு காட்சிகளை ஒட்டிவைத்தே காட்டிவிட்டார். மத்தியூவாக நடித்த ழான் மார்த்தான், அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960-ல் 121 பேர் விட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். தனக்குப் பிடிக்காத மனிதனை இவ்வளவு கம்பீரமாக நடிக்க ஒரு தைரியம் வேண்டும்.

1954 நவம்பர் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு பாண்டிச்சேரிப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் பாண்டிச்சேரியையும் உங்கள் காரைக்காலையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது. அதே நாள் விடிவதற்கு முன்னால் அல்ஜீரியாவில் பல இடங்களில் தேசிய விடுதலை முன்னணி தாக்குதலைத் தொடங்கியது. பாரிஸில் இருந்ததோ ஒரே அரசாங்கம்.

அந்த மே மாதம்தான் வியட்நாமில் தியன் பியன் பூவில் அடிவாங்கியிருந்தார்கள். நம் பக்கத்துச் சின்ன ஊர்களைப் பிடித்துவைத்திருப்பதில் அவர்களுக்கு ஆதாயமில்லை. அல்ஜீரியா கதை வேறு. 1830-ல் நுழைந்தது முதல் நிலத்தைப் பிடுங்கிக் குடியேறி, சுமார் 10 லட்சம் ஐரோப்பியர்கள் அங்கே வேர்விட்டிருந்தார்கள். சட்டப்படி அது காலனிகூட இல்லை, பிரான்ஸின் மாவட்டங்கள். இங்கே வாடகைக்கு இருந்தவன், அங்கே பட்டா போட்டுக்கொண்டவன். காலிசெய்யச் சொன்னபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

வாடகைக்கு இருந்தவன் கையும் சுத்தமில்லை. 1936 ஜூலை 30-ல் பாண்டிச்சேரி சவானா பஞ்சாலைத் தொழிலாளிகளைச் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். தாத்தா அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள்.

இனி படம் யார் பக்கம் என்பது. அல்ஜீரியர் பக்கம். சமமெல்லாம் கிடையாது. எப்படி இருக்கும்? அல்ஜியர்ஸில் குண்டுவைத்தவர்களை நடத்திய ஸாதி யாசெஃப் என்பவர் பிடிபட்டு, மரண தண்டனை பெற்று, சிறையில் உட்கார்ந்து எழுதிய நினைவுகள்தான் படத்துக்கு விதை. தயாரிப்பிலும் அவர் பங்கு உண்டு. ஜாஃபர் என்ற பெயரில் தன்னையே நடித்தும் இருக்கிறார். காட்சிகளின் வரிசையைப் பாருங்கள். முதலில் சிறைமுற்றத்தில் கில்லட்டினில் ஒரு தலை விழுகிறது. பிறகு அல்ஜீரியர்கள் வாழும் பழைய நகரமான காஸ்பாவில், தெப் தெருவில், பிரெஞ்சுப் பக்கத்தார் வைத்து நள்ளிரவில் வெடிக்கும் குண்டு (நிஜத்தில் அது 1956 ஆகஸ்ட் 10). இடிபாட்டிலிருந்து குழந்தைகளைத் தூக்குகிறார்கள். அதற்கும் பிறகுதான், செப்டம்பர் 30-ல், குண்டுவைக்கப் போகும் அந்த மூன்று பெண்கள் ஐரோப்பியர்போலத் தெரியக் கண்ணாடி முன் முடியை வெட்டிக்கொள்வது. அந்த வரிசையே ஒரு வாதம்.

ஆனாலும் அந்தக் குழந்தையை உங்களிடமிருந்து ஒளித்துவைக்கவில்லை. குண்டோடு வந்தவளின் கண்ணாலேயே கடையில் இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவைக்கிறார் இயக்குநர். காஸ்பாவின் பிணங்களுக்கு ஒலித்த அதே இரங்கல் இசை கடையின் பிணங்களுக்கும் ஒலிக்கிறது. போராட்டம் நியாயம் என்கிற படம், செலவுக் கணக்கையும் பக்கத்திலேயே விரித்துவைக்கிறது. அந்த முகம் உங்கள் கண்ணை விட்டுப் போகாதது அதனால்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. 1957 அக்டோபரில் படத்தின் நாயகனான போராளி அலி லா பொயந்தும் கூட இருந்தவர்களும், அவர்களில் ஒருவன் சின்னப் பையன், சுவருக்குப் பின்னால் வெடித்துச் சிதறுகிறார்கள். ஊரை ராணுவம் ஜெயித்தாயிற்று. அடுத்து படம் ஒரே தாவலில் 1960 டிசம்பருக்குப் போய்விடுகிறது. தோற்றவர்கள் எப்படி எழுந்தார்கள், நடுவில் அல்ஜீரியர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது என்ன என்பதெல்லாம் அந்தத் தாவலில் விழுந்துவிட்டது. பதிலுக்குக் கிடைப்பது பெண்களின் அந்தச் சத்தம். நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்து, "எந்த ஊர் கொடைடா, குலவை போடுதாங்க?" என்று கேட்டாள்.

பென் மிஹிதி தற்கொலை செய்துகொண்டார் என்றுதான் பிரெஞ்சு ராணுவம் 1957-ல் அறிவித்தது. தூக்கில் போட்டது நாங்கள்தான் என்று ஜெனரல் ஒசாரெஸ் 2001-ல் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தினர்தான் கொன்றார்கள் என்று அதிபர் மக்ரோன் அறிவித்தது 2024 நவம்பர் 1 அன்று. உங்கள் ஊரில் அன்று விடுதலை நாள் விடுமுறை.

அன்புடன்.